சிறுவீடு கட்டுன முத்தத்த மூடணுமா? தையில வீட்டு வேலை ஆரம்பிக்கோம், யோசனை சொல்லுங்க

சேர்மாதேவிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா வீடு திருநெல்வேலி மாவட்டம் சேர்மாதேவி பக்கம் தாமிரபரணி ஆத்தங்கரை ஊர்ல இருக்கு. தாத்தா கட்டுனது. தெருவுல இருந்து ஏறுனா திண்ணை, அழி போட்ட தார்சா (முன்தாழ்வாரம்), அதத் தாண்டி பட்டாசல்ங்கிற கூடம், நடுவுல எட்டடிக்குப் பத்தடியில மேல தொறந்த ஒரு முத்தம், அந்தப் பக்கம் சாமான் வெக்கிற அரங்கும் அடுக்களையும், பொறவாசல்ல கெணறு. பட்டாசலுக்கு மேல பனங்கை (பனைமரச் சட்டம்) போட்டு சீமை ஓடு, அரங்குக்கு மேல மட்டும் மச்சு (மாடி அறை). 2023 டிசம்பர் 17, 18ல ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்லா, அப்போ வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. அதுல இருந்து செவுரு எந்திரிக்கவே இல்ல. கீழ மூணு அடிக்கு உப்புப் பூத்து பூச்சு தாள் தாளா உரியுது, ஐப்பசி மழைக்கு பட்டாசல்ல நாலு எடத்துல சட்டி வெச்சிருக்காவ எங்க அம்மா. அம்மாக்கு வயசு 71, தனியா இருக்காவ, நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். வார தையில வேலை ஆரம்பிச்சிரணும்னு முடிவு பண்ணியாச்சு, கையில எட்டு லட்சம் இருக்கு.

ஒரு காண்ட்ராக்டர் வந்து பாத்துட்டு, ஓட்டப் பிரிச்சுட்டு முழுசா காங்கிரீட் போடணும், முத்தத்தயும் சேத்து மூடிரணும், தளத்த ஒரு அடி ஒசத்தி டைல்ஸ் ஒட்டணும்னு சொல்லுதாரு. முத்தத்த மூடுனா ஒரு ரூமே கூடக் கெடைக்கும்ங்காரு. கணக்கா பாத்தா சரின்னுதான் தோணுது. ஆனா எனக்கு அந்த எடத்துல கை வெக்க மனசு வர மாட்டேங்கு, காரணத்தச் சொல்லுதேன்.

போன வாரம் ஊருக்குப் போயி பரணைக் காலி பண்ண ஆரம்பிச்சேன். ஒரு ஓலைப்பெட்டிக்குள்ள அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, புளியமுத்து, அதுக்கு அடியில துணியில சுத்தி எங்க அப்பாவோட சின்னக் கரண்டி. கொத்தனார் கரண்டி இல்ல, அம்மாவோட பழைய தோசைக் கரண்டிய அப்பா அரத்துல ராவி, முனைய வளைச்சு செஞ்சது. மார்கழி மாசம் எனக்கும் எங்க அக்காவுக்கும் அந்த முத்தத்துல சிறுவீடு, அதான் மண்ணால ஒரு சின்ன வெளையாட்டு வீடு, கட்டித் தர்றதுக்குன்னே வெச்சிருந்தாவ. அப்பா பஸ் கண்டக்டர், எந்த ட்ரிப்புல எப்போ வருவாவன்னு தெரியாது, ஆனா மார்கழி கடைசி வாரம் எப்பிடியாவது ஒரு நாள் லீவு போட்டுருவாவ. முந்துன நாளே குளத்து மண்ணு ஒரு சாக்கு கொண்டாந்து, வைக்கோல பொடியா நறுக்கிப் போட்டு, தண்ணி தெளிச்சு ராத்திரி முழுக்க ஊற வெப்பாவ. காலையில நாங்க ரெண்டு பேரும் மிதிக்கணும். கால் விரலுக்கு நடுவுல அந்த மண்ணு பிதுங்கி வர்றது இப்பவும் உள்ளங்காலுக்கு ஞாபகம் இருக்கு.

ரெண்டு விரக்கட கனத்துல, ஒரு சாண் ஒசரத்துல செவுரு. படிக்கட்டுக்கு தீப்பெட்டிதான் அச்சு. பட்டாசல், அரங்கு, அடுக்களை, அடுக்களையில மூணு புளியமுத்துல அடுப்பு, வாசலுக்கு ரெண்டு பக்கமும் பெருவிரல அமுக்கி மாடக்குழி. எங்க வீடு எப்பிடி இருக்கோ அப்பிடியேதான் அதுவும் இருக்கணும். அந்தச் சின்ன வீட்டுக்கும் ஒரு முத்தம் உண்டு, அதுல மழை பேஞ்சா தண்ணி போறதுக்கு பப்பாளி எலைத் தண்டு ஒண்ண வெட்டி குழாயா பதிச்சு பெரிய முத்தத்துத் தூம்புல கொண்டுபோயி விடுவாவ. நாங்க செம்புல தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டே இருப்போம், அது அந்தத் தண்டு வழியா சொட்டுச் சொட்டா தூம்புக்குள்ள போறதப் பாக்கதுக்கு. அப்பா போயி பதினோரு வருஷம் ஆச்சு.

இப்போ எனக்கும் ரெண்டு பொண்ணு, 9 வயசு, 6 வயசு. ரெண்டு பேரும் சிறுவீடு பாத்ததே இல்ல.

என் கேள்வி இதுதான். முத்தத்த மூடாம, ஓட்ட மாத்தாம அந்த வீட்ட ஒழுங்கா சரிபண்ண முடியுமா, இல்ல நான் பழசப் புடிச்சுக்கிட்டு அம்மாவ ஈர ஓதத்துல கெடத்துதேனா? வேலைக்கு முன்னாடி என்னென்ன தயார் பண்ணி வெக்கணும்னும் சொல்லுங்க.

கொத்தனார் வீட்டுப் பையன்:

தங்கச்சி, எங்க அப்பா, பெரியப்பா எல்லாரும் இந்தப் பக்கத்துல வீடு கட்டுனவங்க, நானும் 22 வருஷமா இதே வேலைதான். மொதல்ல நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும். வெள்ளத்தன்னைக்கு தண்ணி தெருவாசல் வழியா ஏறி வந்துச்சா, இல்ல முத்தத்துத் தூம்பு வழியா எதுத்து வந்துச்சா? அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க, பாதி வேலை இந்தப் பதில்லதான் இருக்கு.

காங்கிரீட் விஷயம். செவுரு மண்ணுச் சாந்துல கட்டுனதா, சுண்ணாம்புச் சாந்தான்னு ஒரு எடத்துல கொத்திப் பாக்கணும். எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கப் பாருங்க. சீமை ஓடு ஒரு சதுர அடிக்கு நாலு கிலோ சொச்சம்தான் வரும். அஞ்சு இஞ்ச் காங்கிரீட் தளம் சதுர அடிக்கு கிட்டத்தட்ட 30 கிலோ. உங்க பட்டாசல் பத்துக்குப் பதினாலுன்னு வெச்சாக்கூட நாலு டன்னுக்கு மேல எடை, அத்தனையும் வெள்ளத்துல ஊறுன செவுத்து தலையில ஏறும். தூண் எழுப்பி பீம் போடாம அத ஏத்தவே கூடாது, தூண் எழுப்புனா உங்க எட்டு லட்சம் பாதியிலயே நின்னு போகும். அதனால ஓட்ட வெச்சுக்கிடுறது ஆசைக்காக இல்ல, அந்தச் செவுத்துக்கு அதுதான் நியாயம்.

தளத்த ஒசத்துறதும் வேண்டாம். ஒரு அடி ஒசத்துனா நிலைவாசல்ல எல்லாரும் தலை குனிஞ்சு போணும், 71 வயசு அம்மாக்கு பட்டாசல்ல இருந்து முத்தத்துக்கு ஒரு அடி எறக்கம் வேற. அதுக்கு மேல, டைல்ஸ் தண்ணிய மேல விடாது, அடியில இருக்க ஈரம் போக்கிடம் இல்லாம செவுத்துல ஏறும், இப்போ மூணு அடிக்கு இருக்க ஓதம் நாலு அடிக்குப் போகும்.

கீழ மூணு அடிக்கு பூச்சு உரியுதுன்னு சொன்னீங்கள்லா, அங்க எப்பவாவது சிமெண்ட் பூசியிருப்பீங்கன்னு நெனைக்கேன். பழைய செவுரு ஈரத்த உறிஞ்சும், வெயில் வந்தா வெளிய விடும், அதோட பழக்கம் அது. சிமெண்ட்டப் பூசுனா வெளிய விட முடியாம உள்ளயே அடைச்சு, உப்பு பூச்சுக்குப் பின்னாடி கட்டி நின்னு தள்ளிரும். அந்த சிமெண்ட்ட ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் தட்டி எடுத்துருங்க. உப்ப காஞ்ச பிரஷ்ல தேச்சு கீழ பேப்பர் விரிச்சு அள்ளிப் போடணும், தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப செவுத்துக்குள்ளயே போயிரும். அப்புறம் காய விடணும். ஒரு இஞ்ச் கனம் காய ஒரு மாசம்னு நாங்க ஒரு தோராயக் கணக்கு வெச்சிருக்கோம், அதனால தையில தட்டி எடுத்துட்டு கோடை முழுக்க அத அப்பிடியே போட்டுருங்க. சுண்ணாம்ப மூணு வாரமாவது தண்ணிக்குள்ள ஊற வெச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணிய விட்டு அரைச்சு பூசணும். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடிச்சாப் போதும்.

இப்போ மழைக்காலம், இந்த நேரத்த விட்டுராதீங்க. எங்கெங்க ஒழுகுதோ அங்க நேரா மேல பனங்கையில சாக்பீஸால வட்டம் போட்டு வைங்க, வெயில் வந்தப்புறம் எந்த ஓடு ஒடைஞ்சிருக்குன்னு கீழ இருந்து யாராலயும் சொல்ல முடியாது. பனங்கைய ஒவ்வொண்ணா சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா நல்லாருக்கு, டொப்புனு கேட்டா உள்ள கரையான். பனங்கையோட முனை செவுத்துக்குள்ள போற எடத்துலதான் மொதல்ல அரிக்கும். நல்லா இருக்க பனங்கைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிச்சா இன்னொரு தலைமுறை நிக்கும். ஓட்டப் பிரிக்கும்போது படுக்கப் போட்டு அடுக்காதீங்க, நிக்க வெச்சு அடுக்குங்க. பத்துக்கு ஒண்ணு ஒடையும்னு வெச்சுக்கிட்டு, பக்கத்துல யாராவது பழைய வீடு இடிச்சா அதே அச்சு ஓடு இப்பவே வாங்கிப் போட்டுருங்க. ஓட்டுக்கு அடியில பாசல் மிஷன் 1865ன்னு பொறிச்சிருக்கான்னு பாருங்க, அது மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ சபை ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷம், ஓடு சுட்ட வருஷம்னு நெறைய பேரு நெனைச்சுக்கிடுவாவ.

வயரிங் மரப்பட்டை போட்டதா இருந்தா ஒண்ணு விடாம மாத்திருங்க, எர்த் புதுசா அடிச்சு கரண்டு கசிஞ்சா தானா கட் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்க. வேற எதுல காசு மிச்சம் புடிச்சாலும் இதுல புடிக்காதீங்க, ஈரச் செவுரு.

பாளையங்கோட்டை டு தோகா:

அக்கா, ஒங்க பதிவப் படிச்சுட்டு வேலைக்குக் கெளம்பாம உக்காந்துட்டேன். எங்க வீட்டுல சிறுவீடு கெடையாது, பொம்பளப்புள்ள இல்ல, நாங்க மூணு பேரும் பயலுவ. ஆனா எங்களுக்கு ஒரு சினிமாக் கொட்டகை இருந்துச்சு, எங்க ஆச்சி வீட்டு மச்சுலதான். ஒங்க வீட்டுலயும் மச்சு இருக்குன்னீங்கள்லா, அதனாலதான் எழுதுதேன், அதக் கொத்தனாருட்ட விட்டுராதீங்க.

ஃபீஸ் போன குண்டு பல்பு ஒண்ணு எடுத்து, அடியில இருக்க கருப்புக் கண்ணாடிய ஆணியால பைய தட்டி எடுத்துட்டு, உள்ள இருக்க தண்ட ஒடைச்சு வெளிய கொட்டணும், பல்பு ஒடையக் கூடாது, நாலுக்கு மூணு ஒடையும். அது நெறைய தண்ணி ஊத்துனா லென்சு ரெடி. பழைய ஷூ டப்பாவுல ஒரு பக்கம் பல்பு, அதுக்கு ரெண்டு விரக்கட தள்ளி பிலிம் சொருக ஒரு கீறல். பிலிமு கொட்டகை ஆப்பரேட்டருட்ட இருந்து வெட்டுத் துண்டு வாங்கி பள்ளிக்கூட வாசல்ல விப்பாவ. மச்சுக் கதவ அடைச்சு இருட்டாக்கி, தட்டட்டியில (மொட்டை மாடியில) ஒரு பய முகம் பாக்குற கண்ணாடியோட நிப்பான், அவன் வெயில ஜன்னல் சந்து வழியா டப்பாக்குள்ள அனுப்பணும், எதுக்க தாத்தாவோட வேட்டி. சூரியன் நவுர நவுர அவனும் கண்ணாடியத் திருப்பிக்கிட்டே இருக்கணும், அவனுக்கு மட்டும் படம் பாக்கக் கெடைக்காது, அதனால முறை போட்டு மாத்திக்கிடுவோம். பிலிமத் தலைகீழா சொருகுனாத்தான் வேட்டியில ஆளு நேரா நிப்பான். மொதத் தடவ அது தெரியாம எல்லாரும் தலைகீழா நின்னு பாத்தோம், அப்பவும் அவ்வளவு சந்தோஷம். தண்ணி ஊத்துன பல்ப வெயில்ல சும்மா வெச்சுட்டுப் போயிராதீங்க, அடியில கெடந்த சாக்கு கருகி எங்க ஆச்சி ஓடி வந்தாவ.

ஓட்டு வீட்டுல இன்னொண்ணு உண்டு. ஓட்டுச் சந்து வழியா தரையில வட்டம் வட்டமா வெயில் விழும்லா, அந்த வட்டம் ஒவ்வொண்ணும் சூரியனோட படம். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநா, கன்னியாகுமரி பக்கம் வளையமாத் தெரிஞ்ச கிரகணம். அன்னைக்கு ஆச்சி வீட்டு பட்டாசல் தரை முழுக்க பிறை பிறையா விழுந்து கெடந்துச்சு, நாங்க சாக்பீஸ் எடுத்து ஒவ்வொண்ணா வரைஞ்சோம். அடுத்த வருஷம் அந்த வீட்ட இடிச்சு காங்கிரீட் போட்டாச்சு. நல்ல வீடுதான், ஒழுகாது. ஆனா நான் லீவுக்குப் போனா அந்த வீட்டுல எங்க உக்காரணும்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு.

மழைக்குப் பயந்து சந்து எல்லாத்தையும் அடைச்சிட்டாலும், ஒரே ஒரு எடத்துல கண்ணாடி ஓடு போடச் சொல்லுங்க. அதுக்கு அடியில ஆணியில ஓட்டை போட்ட தகரத்த வெச்சா தண்ணியும் வராது, வட்டமும் விழும். ஒங்க புள்ளைங்களுக்கு அத நான் செஞ்சு தாரதா வெச்சுக்கோங்க.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி:

எம்மா, பேரன்தான் இதத் தட்டிக் குடுக்கான், நான் சொல்லச் சொல்ல. ஒங்க அப்பா நல்ல மனுசன். எங்க காலத்துல ஆம்பளையாளு சிறுவீட்டுப் பக்கம் வர மாட்டாவ, பொம்பளைக மண்ணு மிதிச்சு நாங்களேதான் கட்டுவோம்.

வேலைய தை பொறந்த ஒடனே ஆரம்பிச்சிராத. சிறுவீட்டுப் பொங்கல் முடியட்டும். தைப்பூசத்துக்குள்ள ஒரு நல்ல நாள் பாத்து வெச்சிட்டு, அப்புறம் கடப்பாரைய உள்ள விடு. மார்கழி ஒண்ணாந்தேதியில இருந்தே வாசல்ல கோலத்துக்கு நடுவுல சாணி உருண்டை வெச்சு பூசணிப் பூ சொருகச் சொல்லு. அந்தப் பூவோட அன்னன்னைக்கு எருவாத் தட்டி காய வெச்சு ஒரு பெட்டியில சேத்து வைக்கணும், நீ கோயம்புத்தூர்ல இருந்தா ஒங்க அம்மா செய்யட்டும், அவளுக்கும் ஒரு பிடிப்பு வேணும்லா. சிறுவீட்டுச் செவுரு காஞ்சதும் சுண்ணாம்பு அடிச்சு காவிப்பட்டை போடணும். பொங்கல் அன்னைக்கு புள்ளைகளே சின்னப் பானையில சிறுவீட்டு வாசல்ல பொங்கணும், நீ ஊதி மட்டும் குடு. பொங்குனத அந்தப் பூ எருவு மேல எலை போட்டு வெச்சு, சூடம் பொருத்தி ஆத்துல விடணும். ஆறு ஒங்களுக்குப் பக்கந்தான. 2023ல வீட்டுக்குள்ள வந்த அதே ஆறுதான், இருந்தாலும் அதுட்டதான் குடுக்கணும்.

வேலைக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்னு கேட்டியே, சாமான் கட்டுறதச் சொல்லுதேன். பரணைக் காலி பண்ணிட்டேன்னா சரி, அடுத்து அரங்கு, அதுக்குப் பின்ன அடுக்களை, சாமி வெளக்கு கடைசி. பத்திரம், பட்டா, தீர்வை ரசீது எல்லாத்தையும் நீ ஒங்கூட எடுத்துட்டுப் போயிரு. வெங்கலம் பித்தளைய பழைய சீலையில சுத்தி எண்ணி ஒரு நோட்டுல எழுது, வேலை நடக்குற வீட்டுல நாலு பேரு வருவான் போவான், பின்னால யாரையும் சந்தேகப்படக் கூடாது பாரு. ஒங்க அம்மாவ வேலை முடியுற வரைக்கும் ஒன் வீட்டுல வெச்சுக்கோ, சுண்ணாம்புத் தூசி அவ நெஞ்சுக்கு ஆகாது. வர மாட்டேம்பா. புள்ளைகளுக்குப் பரீட்சை, பாத்துக்கிட ஆளில்லன்னு சொல்லு, வருவா.

முத்தத்து ஓரக்கல்லுல தாயக்கட்டம் கீறியிருக்கான்னு பாரு. இருந்தா அந்தக் கல்லுக்கு நம்பர் போட்டு அதே எடத்துல திரும்பப் பதிக்கச் சொல்லு.

சேர்மாதேவிப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில முடிக்க முடியல. அண்ணாச்சி, அம்மாட்ட போன்ல கேட்டேன். தண்ணி மொதல்ல தூம்பு வழியாத்தான் வந்திருக்கு, தெருவாசல்ல ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முத்தம் நெறைஞ்சிருச்சாம். அம்மா சாக்கப் போட்டு அடைச்சுப் பாத்திருக்காவ, நிக்கல. இத்தன நாளா என்ட்ட இதச் சொல்லவே இல்ல. சிமெண்ட்டும் நீங்க சொன்ன மாதிரிதான், பத்து வருஷம் முன்னாடி கீழ மட்டும் பூசுனது. ஆச்சி, தாயக்கட்டம் இருக்கு, அடுக்களைப் பக்கத்துக் கல்லுல. அம்மா இப்பவும் அதுல உக்காந்துதான் கீரை ஆயுவாவ.

கொத்தனார் வீட்டுப் பையன்:

அப்போ தங்கச்சி, முத்தத்த மூடுனாலும் தண்ணி அதே வழியாத்தான் உள்ள வரும், மேல காங்கிரீட் இருந்து என்ன செய்ய. தூம்பு வெளிய போயி எந்தச் சாக்கடையில சேருதோ, அந்த வாய்க்கு முன்னாடி ஒரு தொட்டி கட்டி நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்க. உள்ள இருந்து தண்ணி போகும், வெளிய இருந்து எதுத்து வந்தா மூடிக்கிடும். வருஷம் ஒருக்கா புரட்டாசியில தொறந்து குப்பைய எடுக்கணும், அத மறந்தா வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். 2023 மாதிரி தெருவுலயே ஆறு ஓடுனா அதுவும் பத்தாது, அதனால தெருவாசல் நிலைக்கு ரெண்டு பக்கமும் காடிப் பள்ளம் எடுத்து, அவசரத்துக்குப் பலகை எறக்குற மாதிரி ஆசாரிட்ட சொல்லி வைங்க.

முத்தத்துக்கு மேல கொசுவலையோட கம்பி அழி போடுங்க, குரங்கும் திருடனும் வராது, காத்தும் வெளிச்சமும் வரும். சித்திரை வெயில்ல பட்டாசல்ல ஏறுற சூடு வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கு. சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் ஓட்டு எறவாணத்த ஒரு அடி நீட்டச் சொல்லுங்க. வேலைய தைப்பூசம் கழிச்சு ஆரம்பிச்சா ஒண்ணும் கெட்டுப் போகாது, வைகாசிக்குள்ள ஓட்டு வேலை முடிஞ்சிரும், பூச்ச காய விட்டு பொறவு பாத்துக்கலாம். ஓதக் கோடு தெரியுற மாதிரி ஒரு போட்டோ போடுங்க, எவ்வளவு தட்டணும்னு சொல்லுதேன்.

சேர்மாதேவிப் பொண்ணு:

போட்டோ நாளைக்குப் போடுதேன் அண்ணாச்சி. காண்ட்ராக்டருட்ட முத்தத்த மூடலன்னு சொல்லியாச்சு, அவரு சரி, ஓட்டு வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கன்னுட்டாரு. பழைய ஓடு பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஆளு சேர்மாதேவி, வீரவநல்லூர் பக்கம் இருந்தா இங்கேயே சொல்லுங்க.

ராத்திரி பெரிய பொண்ணுகிட்ட அந்தக் கரண்டியக் காட்டி சிறுவீடு பத்தி சொன்னேன். நாம கட்டப் போற சின்ன வீட்டுலயும் வால்வு வெக்கணுமான்னு கேட்டா. வெக்கணும்னு சொல்லியிருக்கேன். பப்பாளித் தண்டுக்கு எதுத்து வர்ற தண்ணிய மட்டும் அடைக்கிற மாதிரி என்ன செய்யலாம்னு இப்போ ரெண்டு பேரும் உக்காந்து படம் போட்டுக்கிட்டு இருக்காவ. தோகா தம்பி, ஒங்களுக்கு எதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க.